மழைக்கால மலை ஓட்டத்துக்கு எந்த டிரெயில் ஷூ? ஈரப் பாறையில் வழுக்கக் கூடாது, சீக்கிரம் பிய்யவும் கூடாது

கோவை_ஓட்டம்:

வணக்கம். அக்டோபரில் சிக்மகளூர் பக்கம் காபித் தோட்டங்களுக்குள் நடக்கும் மல்நாடு அல்ட்ரா என்ற நெடுந்தூர ஓட்டப் போட்டியில் 50 கி.மீ.க்குப் பெயர் கொடுத்திருக்கிறேன். இதுவரை எனக்குப் பழக்கம் ரேஸ்கோர்ஸ் சுற்றும் வருடத்துக்கு ஒரு ரோடு மாரத்தானும்தான். தொண்டாமுத்தூர், ஆனைகட்டி ரோடு பக்கம் மண் பாதைகளில் ரோடு ஷூவிலேயே ஓடுகிறேன், காய்ந்த மண்ணில் ஒரு குறையும் இல்லை. ஆனால் போன மாதம் குன்னூரில் ஒரு எஸ்டேட் வழியாக ஓடினபோது மழை விட்டுக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது, இறக்கத்தில் கால் வைத்த இடமெல்லாம் வழுக்கல். கடைசியில் தேயிலைச் செடியைப் பிடித்துப் பிடித்துத்தான் இறங்க முடிந்தது. கொழுந்து பறிக்கும் அக்காக்கள் சாதாரண ரப்பர் செருப்போடு என்னைத் தாண்டிப் போனார்கள், அது வேறு கதை.

அதனால் ஒரு நல்ல டிரெயில் ஷூ வாங்கலாம் என்று பார்க்கிறேன். கடைக்காரரைக் கேட்டால் எல்லாமே பிரமாதம் என்கிறார், யூடியூபில் பார்த்தால் எல்லாரும் ஆல்ப்ஸ் மலையில் ஓடுகிறார்கள். நம் பக்கத்துச் சேற்றிலும் பாசிப் பாறையிலும் ஓடியவர்கள் சொன்னால் நன்றாக இருக்கும். எனக்குப் பாதம் முன்பக்கம் அகலம், பெரும்பாலான ஷூவில் சுண்டுவிரல் பக்கம் கடிக்கும். 50 கி.மீ. முடிக்க எட்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்று நினைக்கிறேன், அவ்வளவு நேரம் தாங்க வேண்டும். முன்பு தள்ளுபடியில் ஒரு டிரெயில் ஷூ வாங்கியிருந்தேன் (கம்பெனி பெயர் வேண்டாம்), சில மாதங்களிலேயே முன்பக்கம் சோல் வாய் பிளந்துவிட்டது. அதனால் உழைப்பும் முக்கியம். இன்னொரு சிக்கல், வீட்டிலிருந்து மண் பாதைக்குப் போகவே 3 கி.மீ. தார் ரோடு. காட்டுக்குள் அனுமதி இல்லாமல் போக முடியாது, யானை நடமாட்டம் வேறு. ஆக எப்படியும் பாதி தாரில்தான் ஓட வேண்டும். பட்ஜெட் 12,000. கோர்டெக்ஸ் (தண்ணீர் புகாத படலம்) போட்ட ஷூ மழைக்கு நல்லது என்கிறார்களே, உண்மையா?


சகதி_பெங்களூரு:

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். கோர்டெக்ஸ் வேண்டாம். அது குளிர் நாட்டில், பனியில், ஈரப் புல்லில் நடப்பதற்கு. நம் மழையில் தண்ணீர் துணி வழியாக வருவதில்லை, கணுக்கால் பக்கம் மேலிருந்து உள்ளே இறங்குகிறது. இறங்கின தண்ணீர் வெளியே போக வழியில்லாமல் உள்ளேயே தங்கிவிடும், அப்புறம் பாதம் ஊறி வெளுத்துச் சுருங்கி, அந்த ஊறின தோல்தான் முதலில் கொப்புளம் போடும். சாதாரண மெஷ் துணி வைத்த ஷூ ஓடையில் முழுகினாலும் கொஞ்ச தூரத்தில் தண்ணீரைப் பிழிந்து தள்ளிவிடும். ஈரமாகத்தான் இருக்கும், ஆனால் குளம் கட்டாது.

இப்போது பிடிமானம். மல்நாடு ஓடியவன் என்ற முறையில் சொல்கிறேன், அங்கே தரை ஒரே மாதிரி இருக்காது. தோட்டத்துக்குள் ஜீப் போகும் மண் ரோடு, சக்கரத் தடத்தில் சகதி, நிழல் மரங்களுக்குக் கீழே ஊறிக் கிடக்கும் இலைச் சருகு, நடுநடுவே புல் மேடு, சில இடங்களில் கல் பாவிய இறக்கம். எல்லாரும் அடிக்கடி செய்யும் குழப்பம், சோலின் அடியில் இருக்கும் பற்கள், அதாவது லக், பெரிதாக இருந்தால் எல்லா இடத்திலும் பிடிக்கும் என்று நினைப்பது. லக் என்பது மெத்தென்ற மண்ணில் இறங்கிக் கவ்வுவதற்கு. பாறையில் அது இறங்க இடமே இல்லை. அங்கே எவ்வளவு ரப்பர் கல்லைத் தொடுகிறது, அந்த ரப்பர் எவ்வளவு மென்மை என்பதுதான் கணக்கு. சேற்றுக்கென்றே செய்த ஷூவில் 6, 8 மி.மீ. லக்குகள் ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளி இருக்கும், ஒட்டின சேறு உதிர்ந்து விழுவதற்காக. அதே ஷூவை ஈரக் கல்லில் வைத்தால் கல்லைத் தொடும் பரப்பு குறைவு, லக் நுனியில் மட்டும் நிற்கிறீர்கள்.

உங்களுக்கு 4 முதல் 5 மி.மீ. லக் போதும். ரப்பர் விஷயத்தில் விப்ரம் மெகாகிரிப் என்று போட்டிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாம் என்பது என் அனுபவம், ஈரக் கல்லில் அதற்கும் சாதாரண ரப்பருக்கும் உள்ள வித்தியாசம் முதல் இறக்கத்திலேயே தெரியும். ஹோக்கா ஸ்பீட்கோட் இந்த ரப்பரில்தான் வருகிறது, 5 மி.மீ. லக். அமெரிக்க அல்ட்ரா ஓட்டக்காரர் கார்ல் மெல்ட்சரின் பட்டப்பெயரைத்தான் அந்த ஷூவுக்கு வைத்திருக்கிறார்கள். அகலப் பாதத்துக்குத் தனி அளவும் உண்டு. விலை உங்கள் பட்ஜெட்டைத் தாண்டிக் கையைக் கடிக்கும், தள்ளுபடி சமயத்தில் பாருங்கள்.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். பச்சைப் பாசி படிந்த பாறையில் எந்தக் கம்பெனி ரப்பரும் நிற்காது. ரப்பருக்கும் கல்லுக்கும் நடுவில் வழவழப்பாக ஒரு படலம் இருக்கும்போது ரப்பர் என்ன செய்யும்? அந்த இடத்தில் நடங்கள், உட்கார்ந்துகூட இறங்கலாம், யாரும் சிரிக்க மாட்டார்கள்.


நாகமலை_ராணி:

மதுரையிலிருந்து எழுதுகிறேன். எங்களுக்கு உங்கள் சேறெல்லாம் கொடுப்பினை இல்லை. நாகமலை, அழகர்மலை அடிவாரம் பக்கமெல்லாம் காய்ந்த பாறை, சரளை, முள். காய்ந்த பாறையில் ரோடு ஷூகூட ஒட்டிக்கொள்ளும், ஆனால் பாறை மேல் சிதறிக் கிடக்கும் பொடிச் சரளைதான் காலை வாரிவிடும்.

உழைப்பைப் பற்றிப் பேசும்போது முள்ளை யாரும் சொல்வதில்லை, அதனால் சொல்கிறேன். சீமைக் கருவேல முள் லக்கில் குத்தாது, இரண்டு லக்குக்கு நடுவில் இருக்கும் மெல்லிய இடத்தைத் தேடிப் பிடித்து ஏறும். ஓடும்போது சுருக்கென்று ஒரு குத்து. நின்று திருப்பிப் பார்த்தால் வெளியே ஒன்றும் தெரியாது, முள்ளின் அடி ஒடிந்து சோலோடு சோலாகப் போயிருக்கும். வீட்டுக்கு வந்து இன்சோலைத் தூக்கிப் பார்த்தால் உள்ளே கறுப்பாக நுனி மட்டும் எட்டிப் பார்க்கும். வெளியிலிருந்து தோண்டினால் வராது, உள்பக்கமிருந்து குறட்டால் பிடித்து நேராக இழுக்க வேண்டும். எடுக்காமல் விட்டால் ஒவ்வொரு அடிக்கும் கொஞ்சம் கொஞ்சமாக மேலே வரும். முன்பாதத்தில் ராக் பிளேட் வைத்த ஷூ போட ஆரம்பித்த பிறகு இந்தத் தொல்லை பாதியாகிவிட்டது. அது சோலுக்கும் அதற்கு மேலிருக்கும் மெத்தையான ஃபோமுக்கும் நடுவில் வைக்கும் மெல்லிய பிளாஸ்டிக் தகடு, கூர்க்கல்லில் மிதித்தாலும் பாதத்துக்குத் தெரியாது. ஆனால் குதிகாலில் பிளேட் இருக்காது, அங்கே முள் இன்னும் ஏறத்தான் செய்கிறது. கோவைத் தம்பிக்கு மல்நாட்டில் பிளேட் அவசியமில்லை, ஆனால் பயிற்சி ஓடும் இடத்தில் வேலிக்காத்தான் இருந்தால் யோசிக்கலாம்.

அப்புறம் அளவு. ரோடு ஷூ அளவையே டிரெயிலுக்கும் வாங்காதீர்கள். நீண்ட இறக்கத்தில் பாதம் முன்னால் நழுவிப் பெருவிரல் போய் ஷூ நுனியில் முட்டும், ஆயிரக்கணக்கான தடவை. நகம் கறுத்து விழுவதெல்லாம் இதனால்தான். நின்றுகொண்டு பார்க்கும்போது நீளமான விரலுக்கு முன்னால் ஒரு கட்டை விரல் அகலம் இடம் இருக்க வேண்டும். கடைக்கு மாலையில் போங்கள், நாள் முழுக்க நடந்த பாதம் கொஞ்சம் வீங்கியிருக்கும், எட்டு மணி நேர ஓட்டத்தில் இன்னும் வீங்கும். நீங்கள் ஓடும்போது போடும் சாக்ஸையே எடுத்துப் போங்கள், கடையில் தரும் மெல்லிய சாக்ஸில் போட்டுப் பார்த்து வாங்கினால் எல்லாம் தப்பாகும்.

பெரிய அளவு வாங்கினால் குதிகால் லூசாகுமே என்று பயப்பட வேண்டாம். ஷூவின் மேலே கடைசியில் யாரும் பயன்படுத்தாத ஒரு ஓட்டை இருக்கும், பார்த்திருப்பீர்கள். லேஸை எதிர்ப்பக்கம் கொண்டு போகாமல் அதே பக்கத்து ஓட்டையில் விட்டு இரண்டு பக்கமும் ஒரு சின்ன வளையம் விடுங்கள், பிறகு லேஸ் நுனிகளை மாற்றி எதிர் வளையத்துக்குள் நுழைத்துக் கீழ்நோக்கி இழுத்து முடிச்சுப் போடுங்கள். குதிகால் அப்படியே பூட்டின மாதிரி நிற்கும், விரல் பக்கம் தளர்வாகவே இருக்கும். இதற்குக் காசு செலவில்லை.


ஆம்பூர்_சோல்:

நான் ஆம்பூர் பக்கம் ஏற்றுமதி ஷூ கம்பெனியில் சோல் பிரிவில் இருக்கிறேன். ஓட்டக்காரன் இல்லை, காலையில் மச்சானோடு கொஞ்சம் ஜவ்வாது மலை பக்கம் நடப்பேன், அவ்வளவுதான். ஆனால் பிடிமானமும் உழைப்பும் ஒரே ஷூவில் முழுசாக ஏன் கிடைக்காது என்று தொழில் பக்கமிருந்து சொல்ல முடியும்.

ரப்பர் மென்மையாக இருந்தால் கல்லின் மேடுபள்ளத்துக்குள் அமுங்கி நன்றாகப் பிடிக்கும். அதே மென்மையால்தான் தாரில் உரசும்போது சீக்கிரம் தேயும். கெட்டியான ரப்பர் போட்டால் வருடக்கணக்கில் ஓடும், ஆனால் ஈரக் கல்லில் கண்ணாடி மேல் நிற்பது போல இருக்கும். கம்பெனியில் இரண்டையும் தனித்தனியாக அளப்போம். கெட்டித்தன்மைக்கு ஷோர் ஏ என்று ஒரு மீட்டர், ஊசியை ரப்பரில் அழுத்தினால் எண் காட்டும். தேய்மானத்துக்கு ஒரு உருளை, அதன்மேல் உப்புத்தாள் சுற்றியிருக்கும், ரப்பர் துண்டை அதன் மேல் ஒரு கிலோ எடை அளவுக்கு அழுத்தி 40 மீட்டர் தூரம் உரச விட்டு எத்தனை கன மில்லிமீட்டர் போனது என்று கணக்குப் போடுவோம். கலவையில் கார்பன் பிளாக் கூடினால் தேய்மானம் குறையும், சிலிக்கா சேர்த்தால் ஈரப் பிடிமானம் ஏறும். ஒவ்வொரு கம்பெனியும் இந்த இரண்டுக்கும் நடுவில் ஏதோ ஒரு இடத்தில் சமரசம் செய்துகொள்கிறது. இனோவ்-8 கம்பெனி மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து 2018ல் கிராஃபீன் என்ற கார்பன் பொருள் கலந்த சோல் கொண்டு வந்ததும் இந்தச் சிக்கலைத் தாண்டுவதற்குத்தான்.

மேலே ஒருவர் விப்ரம் பற்றிச் சொன்னார். அந்தச் சோல் பிறந்த கதை தெரிந்தால் பிடிமானத்தை ஏன் இவ்வளவு பெரிதாகப் பேசுகிறார்கள் என்று புரியும். 1935ல் இத்தாலிய ஆல்ப்ஸில் ஒரு மலையேற்றத்தில், அந்தச் சோலை உருவாக்கிய விட்டாலே பிரமானியின் தோழர்கள் ஆறு பேர் இறந்து போனார்கள், பூட்ஸ் சரியில்லாததும் ஒரு காரணம் என்று பேசப்பட்டது. அப்போதெல்லாம் தோல் சோலில் ஆணி அடித்துத்தான் மலையேறுவார்கள். அதன் பிறகு அவர் டயர் கம்பெனியான பிரெல்லியின் உதவியோடு 1937ல் பல் வைத்த ரப்பர் சோலைக் கொண்டு வந்தார்.

இப்போது வாய் பிளந்த விஷயம். ஓட்ட ஷூவில் சோலைத் தைப்பதில்லை, எல்லாம் பசைதான். ஃபோம் மேல் பிரைமர் பூசி, பசை தடவி, சூடு காட்டி, பிரஸ்ஸில் அழுத்துவோம். பிரைமர் ஒழுங்காகப் படாத இடத்தில் அல்லது தூசி பட்ட இடத்தில் பிறகு விட்டுக்கொள்ளும். அது நீங்கள் ஓடின விதத்தால் வந்ததில்லை, வாங்கின கொஞ்ச நாளில் பிளந்தால் தயங்காமல் மாற்றித் தரச் சொல்லுங்கள். ஆனால் வெயிலில் நிறுத்தின காரின் டிக்கியில் ஷூவை விட்டுவைப்பது, அடுப்புப் பக்கம் காய வைப்பது, வாஷிங் மெஷினில் போடுவது, இதெல்லாம் பசையைக் கொல்லும், அதை யாரும் மாற்றித் தர மாட்டார்கள். நனைந்தால் இன்சோலை வெளியே எடுத்து, உள்ளே பழைய செய்தித்தாளைக் கசக்கித் திணித்து, ஃபேன் காற்றில் வையுங்கள், தாள் ஊறினதும் மாற்றுங்கள். சேற்றை அன்றைக்கே கழுவிவிட வேண்டும், காய்ந்த மண் மெஷ் துணி மடங்கும் இடத்தில் உட்கார்ந்து உப்புத்தாள் மாதிரி அறுக்கும். சுண்டுவிரல் பக்கம் துணி கிழிவது பெரும்பாலும் அங்கேதான்.

தள்ளுபடி ஷூ வாங்கும்போது நாக்கின் உள்பக்கத்து லேபிளைப் பாருங்கள். பல கம்பெனிகள் தயாரித்த மாதத்தையோ தேதியையோ அதில் போடுகின்றன. நம் ஊர் வெக்கையிலும் ஈரப்பதத்திலும் குடோனில் மூன்று வருடம் கிடந்த ஷூ பார்க்கப் புதிதாக இருக்கும், பசையும் ஃபோமும் கிழடாகியிருக்கும்.

அகலப் பாதம் உங்களுக்கு மட்டும் இல்லை. சென்னை அடையாறில் உள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் நாடு முழுக்க ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பாதத்தை 3டி ஸ்கேனரில் அளந்தது, ஐரோப்பிய, அமெரிக்கப் பாதங்களைவிட நம்முடையது அகலம் என்று அதில் தெரிந்தது. நமக்கென்று தனி அளவு முறைக்கும் அதை வைத்துத்தான் திட்டம் போட்டார்கள். அதுவரை நாமெல்லாம் இங்கிலாந்துக்காரன் அளவில் ஒன்று கூட்டி வாங்கிக்கொண்டிருக்க வேண்டியதுதான். நீளத்தைக் கூட்டினால் அகலம் கொஞ்சம்தான் கூடும், அதனால் அகல அச்சில் செய்த மாடலைத் தேடுங்கள். செருப்புக்காகக் காலை வெட்டிக்கொள்ள முடியாது.


கோவை_ஓட்டம்:

எல்லாருக்கும் நன்றி, ஆம்பூர் அண்ணனுக்குத் தனி நன்றி, இவ்வளவு விவரம் எங்கேயும் படித்ததில்லை. இரண்டு சந்தேகம். பழைய ஷூவை வீட்டிலேயே ஒட்டிப் பயிற்சிக்கு வைத்துக்கொள்ளலாமா? தெரு முனையில் செருப்பு தைக்கும் தாத்தா சுற்றித் தைத்துத் தருகிறேன் என்கிறார். இன்னொன்று, ஆல்ட்ரா கம்பெனியின் லோன் பீக் ஷூ அகலப் பாதத்துக்கு நல்லது என்று படித்தேன், ஆனால் ஜீரோ டிராப் என்று போட்டிருக்கிறது, அதில் ஏதாவது வம்பு உண்டா?


ஆம்பூர்_சோல்:

தைக்க வேண்டாம். ஃபோமில் ஊசி போட்டால் ஒவ்வொரு துளையும் ஒரு கிழிசலின் ஆரம்பம். தோல் ஷூவுக்கும் கெட்டி ரப்பர் சோலுக்கும்தான் தாத்தாவின் தையல் நிற்கும். பெவிக்விக் மாதிரிப் பசையும் வேண்டாம், காய்ந்தால் கண்ணாடி மாதிரி இறுகும், நான்கு தடவை மடங்கினால் நொறுங்கும். செருப்புத் தொழிலுக்கு விற்கும் ரப்பர் பசை டப்பாவில் கிடைக்கும், தாத்தாவிடமே இருக்கும். இரண்டு பக்கமும் பழைய பசையை உப்புத்தாளால் சுரண்டி, துடைத்து, மெல்லிசாகத் தடவி, தொட்டால் கையில் ஒட்டாத பதம் வரும்வரை பொறுத்து, பிறகு சேர்த்து அழுத்துங்கள். எல்லாரும் ஈரமாக இருக்கும்போதே சேர்த்துவிடுகிறார்கள், அதனால்தான் நிற்பதில்லை. சைக்கிள் டியூப் துண்டால் இறுக்கிக் கட்டி ஒரு ராத்திரி விடுங்கள்.


அடிவாரம்_ஏற்காடு:

எல்லாரும் கேட்டதைக் கேட்ட மாதிரி ஷூ, ரப்பர் என்று பேசுகிறீர்கள், கொஞ்சம் எதிர்ப்பேச்சும் இருக்கட்டும். நான் பல வருடமாக சேர்வராயன் மலைப் பக்கம் ஓடுகிறேன், பெரும்பாலும் டெகத்லானின் இருப்பதிலேயே மலிவான டிரெயில் ஷூவில். இறக்கத்தில் வழுக்குகிறவர்களைப் பின்னால் இருந்து பாருங்கள், பத்தில் எட்டுப் பேர் பயத்தில் பின்னால் சாய்ந்து குதிகாலை முன்னே நீட்டி வைப்பார்கள். எடை முழுக்கக் குதிகாலின் ஒரு ஓரத்தில், அங்கே எந்த ஷூவும் சறுக்கும். உடம்பைச் சரிவோடு கொஞ்சம் முன்னால் கொடுத்து, சின்னச் சின்ன அடியாக, பாதம் முழுக்கப் படும்படி வைத்தால் பாதி வழுக்கல் போய்விடும். குன்னூரில் ரப்பர் செருப்போடு தாண்டிப் போன அக்காக்கள் இதைத்தான் செய்கிறார்கள்.

தடித்த ஃபோம் ஷூ மேல் எனக்கு இன்னொரு குறை உண்டு. பாதம் தரையிலிருந்து மூன்று, நான்கு சென்டிமீட்டர் மேலே நிற்கிறது, கல் உருண்டால் கணுக்கால் புரள அவ்வளவு நெம்புகோல் கிடைக்கிறது. வேர் நிறைந்த ஒற்றையடிப் பாதையில் எனக்குத் தரை தெரிய வேண்டும். நீண்ட ஜீப் ரோட்டுக்குத் தடித்தது நல்லது என்பதை ஒத்துக்கொள்கிறேன். மல்நாட்டில் ஜீப் ரோடு நிறைய என்பதால் உங்களுக்கு அது ஒத்துவரலாம்.

ஜீரோ டிராப் கேட்டீர்கள். சாதாரண ரோடு ஷூவில் குதிகால் முன்பாதத்தைவிட 8, 10 மி.மீ. உயரத்தில் இருக்கும். ஜீரோவில் இரண்டும் ஒரே மட்டம். கெண்டைக்காலும் குதிகால் நரம்பும் அதிகம் இழுபடும். ஆல்ட்ராவின் விரல் பக்க அகலம் அருமை, பாதம் விரிந்து உட்காரும், ஆனால் போட்டிக்கு இரண்டு மாதம் இருக்கும்போது போய் மாறாதீர்கள். மாறுவதென்றால் போட்டி முடிந்த பிறகு வீட்டிலும் நடையிலும் போட்டுப் பழகி, மெதுவாக ஓட்டத்துக்குக் கொண்டு வாருங்கள். இப்போதைக்கு 4 முதல் 8 மி.மீ. டிராப்பில் அகலமானதைப் பாருங்கள்.


சகதி_பெங்களூரு:

ஏற்காட்டு அண்ணன் சொன்ன உத்தி சரி, ஆனால் 35 கி.மீ.க்கு மேல் தொடை செத்துப் போன பிறகு யாருக்கும் உத்தி நினைவிருக்காது. அப்போது காப்பாற்றுவது ரப்பர்தான். மலிவு ஷூவில் ஓடக்கூடாது என்று சொல்லவில்லை, நானும் அதில்தான் ஆரம்பித்தேன்.

தார் ரோடு கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. 12,000த்தையும் ஒரே ஜோடியில் போடாமல், வீட்டிலிருந்து மண் பாதை வரைக்கும் கலந்து ஓடுகிற நாட்களுக்கு உங்கள் ரோடு ஷூவையே வைத்துக்கொள்ளுங்கள், அது காய்ந்த மண்ணில் நன்றாக இருக்கிறது என்று நீங்களே சொல்லியிருக்கிறீர்கள். டிரெயில் ஷூவை மழை நாட்களுக்கும், குன்னூர் கோத்தகிரி போகும் வார இறுதிக்கும், போட்டிக்கும் வைத்துக்கொள்ளுங்கள். மென்மையான லக் தாரில் முதலில் தேய்வது பாதம் தரையை உதைத்துத் தள்ளும் இடத்தில், பெருவிரலுக்கு அடியில். அங்கே லக்கின் விளிம்பு உருண்டையாகிவிட்டால் ஏற்றத்தில் சேறு கவ்வாது, மற்ற இடமெல்லாம் புதிதாகத் தெரிந்தாலும் பயனில்லை. ஷூவைத் திருப்பிப் பார்க்கும்போது அந்த இடத்தைப் பாருங்கள்.

எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்று கேட்டால், பொதுவாக 500லிருந்து 800 வரை சொல்வார்கள். நம் ஊரில் எனக்குச் சோலுக்கு முன்னால் துணிதான் போகிறது, உண்ணிச்செடி கிழித்துவிடும். சுண்டுவிரல் மடியும் இடத்தில் ரப்பர் பூச்சு ஏறி வந்திருக்கும் மாடல்கள் கூடுதலாக உழைக்கின்றன. பூச்சு கூடினால் தண்ணீர் வெளியேறுவது கொஞ்சம் குறையும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.


மலையகப்_பொடியன்:

வணக்கம், இலங்கை பதுளையில் இருந்து. எங்கட பக்கம் தேயிலைத் தோட்டப் பாதைகளில் ஓடுகிறவர்கள் இப்போது கூடிவிட்டார்கள், பீக்கோ டிரெயில் என்று கண்டியில் இருந்து நுவரெலியா வரை 300 கிலோமீட்டருக்கு மேல் 22 பகுதிகளாகப் பாதை வந்த பிறகு வெளிநாட்டுக்காரர்களும் சப்பாத்தோடு (நீங்கள் சொல்லும் ஷூ) வந்து இறங்குகிறார்கள். உங்கள் ஊர்த் தோட்டமும் எங்கள் தோட்டமும் ஒரே மண், ஒரே மழை என்றபடியால் இரண்டு சொல்லலாம் என்று நினைத்தேன்.

சப்பாத்து எவ்வளவு நல்லதென்றாலும் காலுறை பருத்தியாக இருந்தால் எல்லாம் வீண். பருத்தி ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், தோல் உரிந்துவிடும். செயற்கை நூல் அல்லது மெரினோ கம்பளி போடுங்கள், பாதியில் மாற்ற ஒரு சோடி உலர்ந்ததை நெகிழிப் பையில் கொண்டு போங்கள். ஓடத் தொடங்குவதற்கு முன் விரல்களுக்கு இடையில் வாஸ்லின் பூசுங்கள். விரல் விரலாகப் பிரிந்த காலுறை சிலருக்கு நன்றாகப் பிடிக்கும், ஆனால் அது கொஞ்சம் இடம் எடுக்கும், இறுக்கமான சப்பாத்தில் போட வேண்டாம்.

பிறகு அட்டை. காபித் தோட்டத்தில் அக்டோபரில் அட்டை இல்லாமல் இருக்காது. அது லேஸ் ஓட்டை, நாக்கின் ஓரம், மெஷ் துணியின் நெய்தல் எல்லாவற்றுக்குள்ளும் மெலிந்து நுழையும். ஓடிக்கொண்டிருக்கும்போது பெரிதாக ஏறாது, தண்ணீர் குடிக்க நிற்கிற இடத்தில்தான் ஏறும். நெருக்கமாக நெய்த நீளக் காலுறை போட்டு அதன் மேல் வேப்பெண்ணெய் தடவிக்கொள்ளுங்கள், இங்கே தோட்டத்தில் சவர்க்காரத்தைக் குழைத்துப் பூசுவார்கள், மழையில் சீக்கிரம் கரைந்துவிடும் என்பதுதான் குறை. கடித்துவிட்டால் பிடுங்கி எறியாதீர்கள், நகத்தால் வாய்ப் பக்கத்தைத் தள்ளிவிட்டால் போதும். இரத்தம் கொஞ்ச நேரம் ஓடும், பயப்பட ஒன்றும் இல்லை.


நாகமலை_ராணி:

அட்டையைப் படித்ததும் எனக்கு எங்கள் ஊர் முள்ளே போதும் என்று தோன்றுகிறது.


கோவை_ஓட்டம்:

நேற்று மாலை கடைக்குப் போய் ராணி அக்கா சொன்னபடி சொந்த சாக்ஸோடு போட்டுப் பார்த்தேன். கடைப் பையன் சாய்வுப் பலகை ஒன்று வைத்திருந்தான், அதில் இறங்கிப் பார்த்தபோது என் வழக்கமான அளவில் விரல் முட்டியது, அரை அளவு கூட்டினதும் முட்டவில்லை. மெகாகிரிப் போட்ட ஒரு ஜோடி அகல அளவில் பிடித்திருந்தது, விலை 12,000த்தைத் தாண்டுகிறது, பழைய சீசன் கலர் என்றால் குறைத்துத் தருகிறேன் என்கிறான். லேபிளைப் பார்த்தேன், தயாரித்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. எடுத்துவிடலாமா?


ஆம்பூர்_சோல்:

எடுங்கள். வாங்குவதற்கு முன் இரண்டு ஷூவையும் கையில் பிடித்து முன்பக்கம் மடக்கி, சோலும் ஃபோமும் சேரும் கோட்டை நகத்தால் சுற்றி வருடிப் பாருங்கள். நகம் எங்கேயாவது உள்ளே இறங்கினால் வேறு ஜோடி கேளுங்கள். பில்லைத் தொலைத்துவிடாதீர்கள்.


அடிவாரம்_ஏற்காடு:

வாங்கினதும் பெட்டியில் வைத்துப் போட்டி அன்றைக்குத் திறக்காதீர்கள். ஒரு நீண்ட ஓட்டமாவது மழையில், முழுக்க நனைந்து, அதே சாக்ஸ், அதே லேஸ் முடிச்சோடு ஓடிப் பாருங்கள். கடிக்கிற இடம் அப்போதே தெரிந்துவிடும், அந்த இடத்தில் டேப் ஒட்டிக்கொள்ளலாம்.


நாகமலை_ராணி:

இதோடு என் கேள்வியும் ஒன்று. பெண்களுக்கு லேடீஸ் அளவில் முன்பக்கம் அகலமாக, குதிகால் ஒடுக்கமாக ஏதாவது மாடல் தமிழ்நாட்டுக் கடையில் போட்டுப் பார்த்து வாங்கினவர்கள் உண்டா? மதுரையில் கேட்டால் ஜென்ட்ஸ் சின்ன அளவை எடுத்து நீட்டுகிறார்கள். அதில் குதிகால் ஆடுகிறது, லேஸ் எவ்வளவு பூட்டினாலும்.


சகதி_பெங்களூரு:

என் மனைவிக்கும் இதே தொல்லைதான் ராணி. சின்ன அளவுகள் கடைக்கு வருவதே குறைவு, ஆன்லைனில் இரண்டு அளவு வரவழைத்து ஒன்றைத் திருப்பி அனுப்புகிறாள். குதிகாலின் உள்பக்கம் இரண்டு ஓரத்திலும் ஒட்டும் மெல்லிய பேட் கிடைக்கிறது, ஆட்டம் கொஞ்சம் குறைந்தது என்றாள், ஆனால் நனைந்தால் உரிந்து வருகிறதாம். வேறு யாராவது நல்ல மாடல் கண்டுபிடித்திருந்தால் சொல்லுங்கள், நாங்களும் தேடிக்கொண்டுதான் இருக்கிறோம்.